முதல் கோச்சி எது?



வருசம் பிறந்து இரண்டு நாள் கழிய ஏப்ரல் 16ஆம் திகதி வரும். இந்தியாவில் றெயில் ஓடத் தொடங்கிய நாள் என்று அதைக் கொண்டாடுவார்கள். 1853ஆம் ஆண்டு அந்த நாளில் பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணேக்கு 21 மைல் தூரம் ஒரு கோச்சி ஓடியது. 14 பெட்டி, 400 விருந்தினர், முன்னுக்கு இழுக்க மூன்று என்ஜின். அந்த என்ஜின்களுக்குச் சாகிப், சிந்து, சுல்தான் என்று பெயர். புறப்படும்போது 21 பீரங்கி வேட்டுத் தீர்த்தார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாங்கள் படித்ததும் இதைத்தான்.

ஆனால் இங்கே ஃபஹாஹீலில் தமிழ்நாட்டு நண்பர்களோடு கதைக்கிற நேரம் இந்தக் கதையைச் சொன்னால் சிலர் விடமாட்டார்கள். "அது தப்பு, முதல் ரயில் எங்க மெட்ராஸ்லதான் ஓடுச்சு" என்பார்கள். சும்மா ஊர்ப் பெருமைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் சொல்வதிலும் விசயம் இருக்கிறது.

சென்னைக்கு வடக்கே இருக்கிற செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தடிக்கு 1837ஆம் ஆண்டே தண்டவாளம் போட்டிருந்தார்கள். அதைச் செய்வித்தவர் ஆர்தர் கொட்டன் என்ற ஆங்கிலேய என்ஜினியர். பிறகு கோதாவரி அணையைக் கட்டிய அதே கொட்டன்தான். பட்டணத்தில் வீதி போடுவதற்குக் கல் கொண்டுவரத்தான் அந்தப் பாதை. நீராவி என்ஜினும் அதில் ஓடியது, ஆனால் கூடுதலாக வண்டிகளை விலங்குகள்தான் இழுத்தன. எப்படிப் பார்த்தாலும் பம்பாய்க்கு 16 வருசம் முந்தியது.

மெட்ராசோடும் கதை முடியவில்லை. கோதாவரி அணை கட்டுகிற காலத்தில், 1845இல், ராஜமுந்திரிப் பக்கம் தௌலேஸ்வரத்தில் கல் ஏற்ற ஒரு றெயில் பாதை இருந்தது. வடக்கே ரூர்க்கியில் கங்கைக் கால்வாயைச் சோலானி ஆற்றுக்கு மேலால் கொண்டுபோகப் பெரிய பாலம் கட்டினார்கள். அங்கே 1851இல் மண் இழுக்க நீராவி என்ஜின் ஓடியது. அதன் பெயர் தொமசன். இதுவும் பம்பாய்க்கு முந்தியதுதான்.

அப்படியென்றால் 1853ஐ ஏன் முதல் என்கிறார்கள்? மற்ற மூன்றும் கல்லும் மண்ணும் ஏற்றிய பாதைகள். வேலை முடிய அவையும் முடிந்துபோயின. பம்பாய்க் கோச்சியில் ஆட்கள் போனார்கள். காசு கொடுத்து ரிக்கற் எடுத்தால் யாரும் ஏறலாம் என்ற சேவை அதிலிருந்துதான் தொடங்கியது, பிறகு நிற்கவில்லை. அதனால் "பொதுமக்கள் போன முதல் றெயில்" என்றால் பம்பாய் சொல்வது சரி. "தண்டவாளம் போட்டு வண்டி ஓட்டிய முதல் இடம்" என்றால் மெட்ராஸ் முன்னுக்கு நிற்கும். இரண்டு பேரும் இரண்டு வேறு கேள்விக்கு மறுமொழி சொல்லிக்கொண்டு சண்டை பிடிக்கிறார்கள்.

இதில் கல்கத்தாக்காரருக்கும் ஒரு மனக்குறை உண்டு. அங்கே ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் கோச்சி ஓடியது 1854 ஓகஸ்ட் 15இல். அதற்கு முதலே ஓட வேண்டியது. ஆனால் இங்கிலாந்திலிருந்து பெட்டி ஏற்றிவந்த கப்பல் கரைக்குக் கிட்ட வந்து தாண்டுபோனது. என்ஜின் ஏற்றிய கப்பல் வழி மாறி அவுஸ்திரேலியாவுக்குப் போய்த்தான் திரும்பி வந்தது. ஒரு கப்பல் தாண்டதும் ஒரு கப்பல் திசை மாறியதும் பம்பாய்க்கு நல்லதாகப் போய்விட்டது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் கோச்சி 1856 யூலை 1ஆம் திகதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போனது. பம்பாய்க்கு மூன்று வருசம் பிந்தித்தான். ஆனால் போரிபந்தரிலும் தாணேயிலும் இருந்த அந்தக் காலத்து ஸ்ரேசன் கட்டிடங்கள் இப்போது இல்லை. ராயபுரம் ஸ்ரேசன் இன்றைக்கும் நிற்கிறது. இந்தியாவில் இருக்கிற ஆகப் பழைய ஸ்ரேசன் கட்டிடம் அதுதான். பாருங்கள், அதிலேயும் ஒரு "முதல்" வந்துவிட்டது.

றெயிலைக் கண்டுபிடித்த இங்கிலாந்துக்காரரும் இந்த வழக்கை முடிக்கவில்லை. ஸ்ரொக்டன் டார்லிங்டன் பாதை 1825 செப்ரெம்பர் 27இல் திறக்கப்பட்டது. அதற்கு 200 வருசம் என்று 2025இல் பெரிய விழா எடுத்தார்கள். ஆனால் ரிச்சட் ட்ரெவிதிக் என்பவர் 1804 பெப்ரவரியிலேயே தெற்கு வேல்ஸில் தன்ர என்ஜினால் 10 தொன் இரும்பையும் 70 பேரையும் இழுத்துக் காட்டிவிட்டார். என்ஜின் பாரம் தாங்காமல் தண்டவாளம் உடைந்ததால் அது தொடரவில்லை. அதே வேல்ஸில் ஸ்வொன்சியில் 1807 தொடக்கம் ஆட்கள் காசு கொடுத்துப் போனார்கள், ஆனால் இழுத்தது குதிரை. என்ஜின் மட்டுமே இழுத்து, நேர அட்டவணை போட்டு, இரண்டு பெரிய பட்டணங்களைச் சேர்த்து ஓடியது என்று கேட்டால் 1830இல் திறந்த லிவர்பூல் மான்செஸ்ரர் பாதையைத்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே "முதல்" என்ற சொல்லைக் கண்டால் நாங்கள் அதற்கு முன்னால் என்ன சொல் விடுபட்டிருக்கிறது என்று பார்க்க வேணும். என்ஜினா, குதிரையா? சாமானா, ஆட்களா? சோதனை ஓட்டமா, நாளாந்த சேவையா? இங்கே இருக்கிற எங்களுக்கு இது விளங்காத விசயம் இல்லை. ஃபஹாஹீலுக்குப் பக்கத்தில் அஹ்மதி இருக்கிறது. குவைத்தின் எண்ணெய் எப்போது தொடங்கியது என்று கேட்டால், புர்கானில் எண்ணெய் கண்ட 1938 என்றும் சொல்லலாம், முதல் கப்பலில் ஏற்றி அனுப்பிய 1946 யூன் 30 என்றும் சொல்லலாம். கண்டது ஒரு கணக்கு, சந்தைக்குப் போனது இன்னொரு கணக்கு.

இனி எங்கட நாட்டுக்கு வருவம்.

இலங்கையில் புகையிரதப் பாதைக்கு முதல் மண் வெட்டியது 1858 ஓகஸ்ட் 3. கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதல் கோச்சி ஓடியது 1864 டிசெம்பர் 27. பொதுமக்கள் சேவைக்குத் திறந்தது 1865 ஒக்ரோபர் 2. இந்த மூன்றில் 1864தான் நிலைத்துவிட்டது. 2014இல் 150 வருச விழாவும் அந்தக் கணக்கில்தான் நடந்தது. 1867இல் பாதை கண்டிக்குப் போனது. மலைநாட்டுக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுவரத்தான் அவ்வளவு அவசரம். அந்தப் பாதைக்கு மலை வெட்டிக் கல் சுமந்தவர்களில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட எங்கட தமிழ்ச் சனமும் உண்டு. திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர்களின் பெயர்தான் சரித்திரத்தில் இருக்கிறது. இந்தச் சனத்தின் பெயர் இல்லை.

யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி எப்போது வந்தது என்று கேட்டால் கூடுதலான ஆட்கள் 1905 என்பார்கள். 1905 ஓகஸ்ட் 1ஆம் திகதி கொழும்பிலிருந்து வந்த முதல் கோச்சி யாழ்ப்பாணத்தை அடைந்தது. 13 மணித்தியாலமும் 20 நிமிசமும் எடுத்தது. இது உண்மைதான். ஆனால் இது கொழும்பில் நின்றுகொண்டு பார்க்கிற கணக்கு.

யாழ்ப்பாணத்தில் நின்று பார்த்தால் கணக்கு வேறு. 1902 மார்ச் 11ஆம் திகதி காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரிக்குப் பாதை திறந்துவிட்டார்கள். அதுவும் 21 மைல், பம்பாய்க்கும் தாணேக்கும் இடையில் இருந்த அதே தூரம். தெற்கிலிருந்து பாதை வந்து சேருமுன்னமே எங்கட குடாநாட்டுக்குள் தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம் வழியாகக் கோச்சி ஓடியது. அந்த வருசமே பாதை பளை வரைக்கும் நீண்டது. தெற்கிலிருந்து வந்த பாதை 1904இல் மதவாச்சிக்கு வந்து, 1905இல் வன்னிக் காட்டை ஊடறுத்துப் பளையில் சேர்ந்தது. வடக்கிலிருந்து போன பாதையும் தெற்கிலிருந்து வந்த பாதையும் நடுவழியில் கை கொடுத்தன என்றுதான் சொல்ல வேணும். 1905 மட்டும் எழுதினால் அந்த மூன்று வருசமும் இல்லாமல் போகும்.

மூன்று வருசம் என்ன பெரிய விசயம் என்று நீங்கள் கேட்கலாம். அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

1956 ஏப்ரல் 23இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்கள் ஒரு பகலில் வீட்டுக்கு வந்து சேரக்கூடியதாக இருந்தது. 1985 ஜனவரியில் முறிகண்டியில் யாழ்தேவி குண்டுவெடிப்பில் சிக்கியது. 1990 யூன் 13ஆம் திகதியோடு யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி நின்றுபோனது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போனது. எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் ஸ்ரேசன் என்றால் கூரை இல்லாத சுவர். தண்டவாளம் இருந்த இடத்தில் சைக்கிள் ஓடி நாங்கள் பள்ளிக்கூடம் போனோம். உயர்தரம் படித்து முடிக்கும் மட்டும் நான் எங்கட ஊரில் கோச்சி கண்டதில்லை. அம்மா "மெயில் போற நேரம்" என்று நேரம் சொல்லுவா. மெயில் என்றால் என்னவென்று எனக்கு விளங்காது.

2009க்குப் பிறகு இந்தியக் கம்பனி ஒன்று பாதையைத் திரும்பப் போட்டது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரி 2ஆம் திகதி காங்கேசன்துறைக்கும் கோச்சி வந்தது. நல்ல காரியம், சந்தோசமான காரியம். ஆனால் 1990க்குப் பிறகு பிறந்த ஒரு பிள்ளைக்கு அதுதான் வாழ்க்கையில் கண்ட முதல் கோச்சி. புதுக் கட்டிடம், புதுத் தண்டவாளம், புதுப் பெயர்ப்பலகை. இதற்கு முதல் இங்கே ஒன்றும் இருக்கவில்லை என்று அந்தப் பிள்ளை நினைத்தால் பிள்ளையில் பிழை இல்லை. சொல்லிக் கொடுக்காத எங்களில்தான் பிழை.

செங்குன்றத்துப் பாதைக்கு நடந்தது இதுதான். அது ஓடியது உண்மை. ஆனால் வேட்டுத் தீர்க்கவில்லை, விருந்தினர் வரவில்லை, பிறகு பாதையும் இல்லை. அதனால் சொந்த ஊர்ச் சனமே அதை மறந்து, பம்பாய்க் கணக்கைப் பாடமாக்கியது. எங்கட 1902க்கும் அது நடக்கக் கூடாது.

எங்கட சங்கத்து அங்கத்தவர்களில் 1990க்கு முதல் கோச்சியில் போன மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த ஸ்ரேசனில் ஏறினீர்கள், ரிக்கற் எவ்வளவு, வழியில் என்ன வாங்கிச் சாப்பிட்டீர்கள், கடைசியாகப் போனது எந்த வருசம் என்று ஒரு கொப்பித் தாளில் எழுதித் தாருங்கள். எழுத முடியாதவர்கள் சொன்னால் போதும், வெள்ளிக்கிழமை லீவில் வந்து நான் எழுதி எடுக்கிறேன். மலையகத்துக்காரர், மன்னார்க்காரர், திருகோணமலைக்காரர், மட்டக்களப்புக்காரர் எல்லோரும் உங்கட உங்கட பாதையைப் பற்றிச் சொல்லுங்கள். அடுத்த வருசப் புத்தாண்டு மலரில் அவற்றையெல்லாம் சேர்த்துப் போடுவம். பிள்ளைகளுக்கு மறக்காமல் திகதியோடு சொல்லிக் கொடுங்கள்: எங்கட முதல் கோச்சி 1902 மார்ச் 11, காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரிக்கு.