பள்ளிக் கணக்கும் பிள்ளைக் கணக்கும்

ஒரு நாட்டில் எத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன என்று கணக்கிடுவது ஓரளவு எளிது. அவற்றில் சேர்ந்த பிள்ளைகள் பின்னர் என்ன ஆனார்கள் என்று அறிவதுதான் கடினம். இந்த இரண்டாவது கேள்விக்கு விடை காணும் முயற்சி, நம் நாட்டில் இருநூறு ஆண்டு வரலாறு உடையது.

1822-ஆம் ஆண்டில், சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ, ஜில்லாதோறும் உள்ள பள்ளிகளையும் மாணாக்கர்களையும் கணக்கெடுக்கச் செய்தார். கலெக்டர்கள் அனுப்பிய விவரங்களைத் தொகுத்து 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி, சுமார் 1 கோடியே 28 லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன. வீட்டிலேயே கல்வி கற்ற சிறுவர்களைச் சேர்த்தாலன்றி இக்கணக்கு முழுமை பெறாது என்பதையும் அவர் உணர்ந்திருந்தார்.

வங்காளத்தில் இப்பணி, பெண்டிங்க் பிரபுவின் காலத்தில், 1835-இல், வில்லியம் ஆடம் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வங்காளத்திலும் பீகாரிலும் 1 லட்சம் பள்ளிகள் இருக்கலாம் என்ற மதிப்பீடு அவரது முதல் அறிக்கையில் இடம்பெற்றது. பின்னர் நாட்டோர் வட்டாரத்தில் ஊர் ஊராக விசாரித்தபோது, பள்ளியில் படித்தவர்களைவிட வீட்டில் கற்றவர்களே பன்மடங்கு அதிகம் என்று கண்டார். மதிப்பீடு வேறு, நேரில் எண்ணிக் காண்பது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அடுத்த பெரும் திருப்பம் 1929-இல் ஏற்பட்டது. சர் பிலிப் ஹார்ட்டாக் தலைமையில் அமைந்த குழு, 1922-23-இல் முதல் வகுப்பில் இருந்த 100 பிள்ளைகளுக்கு, 1925-26-இல் நான்காம் வகுப்பில் 18 பேரே இருந்தனர் என்று எடுத்துக்காட்டியது. பிள்ளைகளைச் சேர்த்துவிட்டோம் என்று மனநிறைவு கொண்டிருந்தவர்களை இந்த ஓர் எண் திடுக்கிட வைத்தது. ஆனால் இது பெயர் பெயராகப் பின்தொடர்ந்து கண்ட கணக்கன்று. வகுப்புகளின் மொத்தத் தொகைகளை ஒப்பிட்டுக் கண்டதே. ஏனைய 82 பேரில் படிப்பை விட்டவர் யார், அதே வகுப்பில் தேங்கி நின்றவர் யார் என்பதை ஏடுகள் சொல்லவில்லை.

விடுதலைக்குப் பின், 1957-இல் நடந்த முதல் அகில இந்தியக் கல்வி ஆய்வு, பள்ளி இல்லாத குடியிருப்புகளை அடையாளம் காட்டிற்று. 1990-களில், மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தை ஒட்டி, கணினி வழியே பள்ளி விவரங்களைத் திரட்டும் முறை பிறந்தது. 2012-13-இல் தொடக்கப் பள்ளிக்கும் உயர்நிலைப் பள்ளிக்கும் ஒரே தகவல் முறை ஏற்பட்டது. எனினும், பள்ளி அனுப்பிய மொத்தத் தொகையே இதற்கும் ஆதாரம். 2022-23 முதல்தான் நாடு முழுவதும் மாணவர் ஒவ்வொருவரின் விவரமும் தனித்தனியே பதிவாயிற்று.

விளைவு என்ன? 2021-22-இல் 26 கோடியே 52 லட்சமாக இருந்த மாணவர் தொகை, 2023-24-இல் 24 கோடியே 80 லட்சமாகக் குறைந்து காணப்பட்டது. கணக்கிடும் முறை மாறியதால் இவ்விரு எண்களையும் அப்படியே ஒப்பிடுதல் தகாது. ஒரே பிள்ளையின் பெயர் இரண்டு பள்ளிகளின் பதிவேட்டில் இருந்திருந்தால், அது நீங்கியது நன்மையே. ஆனால் குறைந்தோருள் உண்மையில் பள்ளியைவிட்டு நீங்கிய பிள்ளை எவரேனும் இருப்பின், அவரைத் தேடிக் காண்பது நம் கடமை அல்லவா?

பிழைப்பைத் தேடி மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் கூலித் தொழிலாளியின் பிள்ளைக்குப் புதிய ஊரில் பள்ளி வாயிலைத் திறந்துவிட, இத்தகைய பதிவு உதவக்கூடும். பதிவெண் இல்லை என்று அதே பிள்ளையை வாயிலில் நிறுத்தவும் அது காரணமாகிவிடலாம். எந்த வழியில் அது செல்லும் என்பதைக் கணினி தீர்மானிக்காது. அதைக் கையாளும் மனிதரே தீர்மானிப்பர். ஏடுதான் பிள்ளையைத் தேடிச் செல்ல வேண்டும். பிள்ளை ஏட்டைத் தேடி அலையலாகாது.