தொட்டிலும் திருச்சபையும்

மதத்தை நிலைநாட்டும் சட்டம் எதனையும் காங்கிரசு இயற்றலாகாது என்று 1791ஆம் ஆண்டிலேயே அரசியல் சட்டத்தில் எழுதி வைத்துக்கொண்ட நாடு அமெரிக்கா. அந்நாட்டிலே இன்று, திருச்சபைகள் நடத்தும் குழந்தைக் காப்பகங்களுக்குக் கருவூலத்துப் பணம் செல்கிறது; அங்கே வேதபாடம் புகட்டவும் வழியுண்டு. இஃது எங்ஙனம் நேர்ந்தது? பாதிரிமாரின் சூழ்ச்சி என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் வரலாற்றைப் புரட்டினால் வேறொரு குற்றவாளியைக் காண்கிறோம்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஆடவர் களம் சென்றனர். பெண்டிர் தொழிற்சாலை புகுந்தனர். விமானம் செய்யும் கைகளுக்குத் தொட்டிலாட்ட நேரமேது? 1940இல் இயற்றப்பட்ட லான்ஹாம் சட்டத்தின் நிதியைக் கொண்டு அரசாங்கம் காப்பகங்களைத் திறந்தது. 1944 ஜூலையில் 3,000க்கும் மேற்பட்ட காப்பகங்கள். அவற்றில் ஏறத்தாழ 1,30,000 குழந்தைகள். 1943இல் தாய்மார் செலுத்த வேண்டியதென விதித்த கட்டணம் நாளொன்றுக்கு 50 சென்ட். போர் முடிந்தது, 1946இல் அந்த நிதியும் நின்றது. துப்பாக்கி ஓய்ந்ததும் தொட்டிலும் ஓய வேண்டுமாம்! கலிபோர்னியா தன் மாநிலப் பணத்தால் காப்பகங்களைக் காத்தது. பிற இடங்களிற் பெரும்பாலானவை மூடப்பட்டன.

கால் நூற்றாண்டு கழிந்து மீண்டும் ஒரு வாய்ப்பு வந்தது. ஏழைக்கு இலவசம், ஏனையோர்க்கு வருவாய்க்கேற்ற கட்டணம் என்னும் ஏற்பாட்டுடன் நாடெங்கும் காப்பகங்கள் அமைக்கும் மசோதாவை 1971இல் இரு அவைகளும் நிறைவேற்றின. குடியரசுத் தலைவர் நிக்சன் டிசம்பர் 9 அன்று அதைத் திருப்பி அனுப்பினார். குழந்தையைக் குடும்பம் வளர்க்கும் முறைக்கு மாறாகச் சமுதாயம் கூட்டாக வளர்க்கும் முறைக்கு அரசாங்கம் துணை போவதாகும் என்பது அவர் காட்டிய காரணம். அவரை மீறி நிறைவேற்றத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்கு செனட்டில் கிடைக்கவில்லை.

அரசு கைவிட்டது, ஆலைக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் தாயின் தொல்லையோ வளர்ந்தது. அவள் எங்கே போவாள்? ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கென்று கட்டிய அறைகள் திருச்சபைகளில் வார நாட்களில் வெறிச்சோடிக் கிடந்தன. அங்கே காப்பகங்கள் பெருகின. சிலவற்றைச் சபையே நடத்தியது. சிலவற்றை, சமயம் சாராத அறநிலையங்கள் அவ்விடத்தைப் பெற்று நடத்தின.

1987இல் புதிய மசோதா வந்தபோது போராட்டம் மூண்டது. மதநிலையத்துக்கு மக்கள் பணம் கூடாது என்றனர் ஆசிரியர் சங்கத்தார். எங்களை ஒதுக்கினால் குழந்தைகளுக்கு இடமெங்கே என்று கேட்டனர் கத்தோலிக்க ஆயர்கள். இந்தக் கேள்விக்கு விடையளிக்க வேண்டிய அரசாங்கத்திடம் காட்டுவதற்குச் சொந்தக் கட்டடங்கள் இல்லை!

1990 நவம்பரில் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டுக்கு 75 கோடி டாலர் அனுமதிக்கப்பட்டது. அரசு நேரே தரும் மானியத்தை வழிபாட்டுக்கோ மதபோதனைக்கோ செலவிடலாகாது. தாயின் கையில் தரும் சான்றுச் சீட்டுக்கோ அத்தடை இல்லை. தேர்ந்தெடுப்பவள் தாய் அன்றோ என்பது வாதம். காப்பகத்தின் நடைமுறைச் செலவில் நூற்றுக்கு 80 பங்கோ அதற்கு மேலோ அரசுப் பணமானால் மதம் பார்த்து ஆள் எடுக்கலாகாது. அதற்குக் குறைந்தால், தம் மதக் கோட்பாட்டைக் கடைப்பிடிக்குமாறு பணியாளரைக் கேட்க மதநிறுவனத்துக்கு இடமுண்டு.

தேர்வு தாயினுடையது என்கிறார்கள். ஊரிலே இருக்கும் ஒரே மலிவான காப்பகம் திருச்சபையினுடையதாயின், கடவுள் நம்பிக்கையற்ற தாய் எதைத் தேர்ந்தெடுப்பாள்? அங்கே குழந்தையின் மூக்கைத் துடைத்துச் சோறூட்டும் பெண்களின் அன்பை நாம் பழிக்கவில்லை. அவர்களில்லையேல் பல தாய்மார் வேலையை இழந்திருப்பர். நாம் பழிப்பது, 1946இலும் 1971இலும் கதவைச் சாத்திய அரசாங்கத்தை.

தோழர்களே, மதத்தையும் அரசையும் பிரிக்கும் விதியைச் சட்டப் புத்தகத்தில் எழுதினால் மட்டும் போதாது. வரவு செலவுத் திட்டத்திலும் அது எழுதப்பட வேண்டும். தொட்டில் கட்ட அரசு மறுக்கும் இடத்தில் மதம் தொட்டில் கட்டுகிறது. பின்னர் தாலாட்டையும் அதுவே பாடுகிறது.