கடலோரத் தாழ்நில மக்கள்தொகை மதிப்பீடு

கடலோரத் தாழ்நில மக்கள்தொகை மதிப்பீடு என்பது கடலை ஒட்டித் தொடர்ச்சியாக அமைந்து, கடல்மட்டத்திலிருந்து 10 மீட்டருக்குள் உயரமுள்ள நிலத்தில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று கணிப்பது. மெக்ரனஹன், பால்க், ஆண்டர்சன் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் இந்த 10 மீட்டர் அளவுகோல் பரவலானது. 2000ஆம் ஆண்டு நிலவரப்படி உலக மக்களில் பத்தில் ஒருவர் இத்தகைய நிலத்தில் இருப்பதாக அது கணித்தது. இந்தியாவின் பங்கு சுமார் 6.3 கோடி.

ஒருகாலத்தில் கடல் இருந்த இடமெல்லாம் இந்தக் கணக்கில் வராது; எடுத்துக்காட்டாக, பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் வட்டம் வராது. கிரெட்டேசியக் காலத்தில் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் கடல் இருந்ததை அங்கே கிடைக்கும் அம்மோனைட் புதைபடிவங்கள் காட்டுகின்றன. இன்று அந்நிலம் 10 மீட்டருக்கு வெகு மேலே இருக்கிறது. அரியலூரின் தென் எல்லையில் ஓடும் கொள்ளிடம் ஆறு போய்ச் சேரும் கழிமுகத்தில்தான் கணிப்புச் சிக்கல் தொடங்குகிறது.

மதிப்பீட்டுக்கு உயர வரைபடமும் மக்கள்தொகைக் கணக்கும் வேண்டும். இரண்டிலும் பிழை உண்டு. 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து எடுத்த ரேடார் அளவீடு, தென்னந்தோப்பும் சவுக்குத் தோப்பும் உள்ள இடத்தில் மரத்தலைகளைத் தரையாக எடுத்துக்கொள்கிறது. ஊர் இருப்பதைவிட உயரமாகத் தெரிகிறது. ஆபத்தில் இருப்போர் குறைந்துபோகிறார்கள். குல்ப், ஸ்ட்ராஸ் இருவரும் 2019இல் இப்பிழையைத் திருத்திக் கணக்கிட்டபோது, இப்போதைய உயர்அலைக் கோட்டுக்குக் கீழே வாழ்வோர் எண்ணிக்கை உலக அளவில் 2.8 கோடியிலிருந்து 11 கோடியானது. மக்கள் யாரும் இடம் மாறவில்லை, தரையின் அளவுதான் மாறியது.

மக்கள்தொகைப் பக்கத்துப் பிழை வேறு வகை. கணக்கெடுப்பு ஊர்வாரியாக எண்ணிக்கை தருகிறது. ஊருக்குள் எங்கே என்று சொல்வதில்லை. வேதாரண்யம் பக்கம் ஒரு வருவாய்க் கிராமத்தின் பரப்பில் உப்பளமும் சேற்றுநிலமும் அடங்கியிருக்கும். வீடுகளோ மணல்மேட்டில் வரிசையாக இருக்கும். எண்ணிக்கையைப் பரப்பு முழுதும் சமமாகப் பிரித்தால் ஆளில்லாத உப்பளப் பாத்திகளிலும் குடும்பங்கள் முளைத்துவிடும். செயற்கைக்கோள் படத்தில் கூரைகளை அடையாளம் கண்டு பிரிப்பது இதைப் பெருமளவு சரிசெய்யும். ஆனால் இந்தியாவில் அடிப்படை எண்ணே பழையது: 2021இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் 2011 எண்களையே நீட்டித்துப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

தாழ்நிலத்தில் இருப்பவர் எல்லாரும் வெள்ளத்தில் மூழ்குவார்கள் என்று பொருளல்ல. கரை, மதகு, வடிகால், மணல்மேடு ஆகியவை தண்ணீரைத் தடுக்கலாம் அல்லது திருப்பலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே உயிர்ச்சேதம் தரையின் உயரத்தை மட்டும் பொறுத்து அமையவில்லை. கரையிலிருந்து வீடு இருந்த தூரமும் அலை புகுந்த ஆற்றுமுகங்களும் சேர்ந்தே அதைத் தீர்மானித்தன. எனவே புகலிடம், வெளியேற்றப் பாதை போன்றவற்றைத் திட்டமிட 10 மீட்டர் எண்ணிக்கை போதாது. லிடார் என்ற லேசர் அளவீடு கொண்டு தரையை அளந்து, குப்பம் குப்பமாக வீடுகளை எண்ணிய கணக்கே அதற்கு உதவும்.