சாகாத கூத்தன்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

நமது இலக்கிய வரலாற்றில் நீண்ட ஆயுள் என்பது புலவர்களுக்கு மட்டுமே வாய்த்த சலுகை. இறையனார் களவியல் உரை தலைச்சங்கத்திற்கு 4440 ஆண்டுகளும் இடைச்சங்கத்திற்கு 3700 ஆண்டுகளும் கணக்குச் சொல்கிறது. அகத்தியரை இரண்டிலும் உட்கார வைக்கிறது. நாம் முகம் சுளிப்பதில்லை. அதியமான் கொடுத்த நெல்லிக்கனியின் புண்ணியத்தில் ஔவையார் பல நூற்றாண்டு நடமாடினார் என்பதையும் ஊர் ஒப்புக்கொண்டது. (வகுப்பறையில் நான் அவரைப் பல ஔவைகளாகப் பிரித்துப் பாடம் நடத்துகிறேன். மாணவர்களுக்கு ஒரே ஔவையைத்தான் பிடித்திருக்கிறது.) ஆகவே கூத்தன் ஒருவன் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சாகாமல் இருக்கிறான் என்று நான் சொன்னால், ஆய்வுலகம் அகத்தியருக்கு ஒரு நீதி, கூத்தனுக்கு ஒரு நீதி என்று பேசலாகாது. அவன் இறந்ததற்குச் சான்று உண்டா? இல்லை. அவன் சாவைக் குறித்து வைக்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றியதில்லை. அதையே நான் அவன் ஆயுளுக்குச் சான்றாகக் கொள்கிறேன்.

அவனை முதலில் சந்திப்பது கூத்தராற்றுப்படை என்னும் மலைபடுகடாத்தில். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் போகும்படி அவனுக்கு வழி சொல்லப்படுகிறது. பன்றிக்கு வைத்த பொறியைப் பார்த்து நட, பாம்பு இருக்கும், தினைப்புனம் காப்பவர் எறியும் கவண்கல் மேலே விழாமல் மரத்தில் மறைந்து போ. 583 அடிகள். பாடியவர் பெருங்கௌசிகனார், பாடப்பட்டவன் நன்னன். இருவர் பெயரும் நமக்குத் தெரியும். பசித்த சுற்றத்தோடும் வாத்தியங்களோடும் அந்த மலையில் ஏறியவன் பெயர் மட்டும் தெரியாது. பெயர் இல்லாதவனுக்குச் சாவும் இல்லை என்பது என் முதல் துணிபு.

அடுத்து சிலப்பதிகாரத்தின் நடுகற்காதை. வடதிசைப் போர் முடித்துவந்த செங்குட்டுவனுக்கு முன்னால் பறையூர்க் கூத்தச் சாக்கையனாக வந்து நிற்கிறான். உமையொரு பாகனாக ஆடுகிறான். இறைவனின் பாதி அதிர, தேவியின் பாதியில் வளை கூட அசையவில்லை. இந்தப் பிறவியில் அவனுக்கு ஊர்ப்பெயர் கிடைத்தது. முன்னேற்றம்தான்.

சொந்தப் பெயர் கிடைக்க 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருந்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன் என்பவனுக்கு நெல் அளக்க உத்தரவிடுகிறது. முதுகுன்றன்! வயதை மறைக்கத் தெரியாதவன். அந்த நாடகத்தின் பிரதி அழிந்துவிட்டது. நெற்கணக்கு அழியவில்லை. நாளொன்றுக்குத் தூணி வீதம் ஆண்டுக்கு 120 கலம். மூன்று தூணி ஒரு கலம். எனவே கல்வெட்டின் ஆண்டுக்கு 360 நாள். எஞ்சிய ஐந்து நாளும் கூத்தன் வீட்டில் உலை கொதித்ததா என்பது கல்வெட்டாய்வாளர்களின் கவனத்துக்கு இன்னும் வரவில்லை.

பிறகு கோயிலைவிட்டுத் தெருவுக்கு வந்தான். திரௌபதி அம்மன் விழாக்களில், பாரதம் நடக்கும் வடமாவட்டங்களில், கட்டியங்காரன் ஆனான். செங்கண்மா இன்றைய செங்கம். தெருக்கூத்துக்குப் பெயர்போன புரிசையும் அதே திருவண்ணாமலை மாவட்டம். இரண்டாயிரம் ஆண்டு நடந்தும் அதிக தூரம் போகவில்லை பாருங்கள். ஆனால் உத்தியோகம் பெரிது. துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து வந்தால், நீ யாரப்பா என்று கேட்பவன் இவன்தான். ஊரில் நிமிர்ந்து நடக்க அனுமதியில்லாதவர்கள், ராசாவை ஒருமையில் கேட்கும் அந்தக் கேள்விக்காகவே விடியும்வரை விழித்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். பொழுது விடிந்தபின் அவனுக்குக் கிடைத்த பட்டம் 'கூத்தாடி'. இன்றும் நாம் அதை வசவாகத்தான் வைத்திருக்கிறோம். இலக்கியக்காரர்களும் விலக்கில்லை.

ஆங்கிலேயர் 1876இல் நாடகச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு பேரரசு அவனைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது அப்போதுதான். பின்னர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து மேடையில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில், பபூன் என்று ஆங்கிலப் பெயரும் சூட்டிக்கொண்டு நின்றான்.

சினிமாவுக்கு வந்தபோது நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்தவராக, 'கலைவாணர்' என்ற மரியாதைப் பன்மையோடு வந்தார். கூத்தனை ஊர் 'அவர்' என்றது இங்கேதான். விலையும் கொடுத்தார்: லட்சுமிகாந்தன் கொலைவழக்கில் 1944இல் கைதாகி 1947இல்தான் விடுதலை. சிரிக்க வைத்தவரைச் சிறையில் பார்த்த தமிழகம் சிரிப்பதற்குச் சற்றுத் தயங்கியது. 1957இல் காலமானார் என்று நூல்கள் கூறுகின்றன. என் கோட்பாட்டின்படி அது வேடமாற்றம்.

அவன் இன்றும் ஆடுகிறான். ஆதாரம் கேட்பவர்கள் கோடையில் செய்யாறு பக்கம் ஒரு பாரதக்கூத்துக்குப் போய் உட்காரலாம். வரும்போது கையில் சில்லறை இருக்கட்டும். தஞ்சைக் கணக்கில் ஆண்டுக்கு ஐந்து தூணி வீதம் ஏறத்தாழ 970 ஆண்டு நிலுவை இருக்கிறது. வட்டி சேர்க்காமல் 1616 கலமும் இரண்டு தூணியும்.