தீவனத் தொட்டியின் மேல் திருப்பலி



கிளியனூரில் குடில் கட்ட வைக்கோல் தேடும் நாள்கள் வந்துவிட்டன. இந்த வழக்கம் பரவக் காரணமானவர் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ். 1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், இத்தாலியின் கிரேச்சோ மலையூரில் தீவனத் தொட்டியில் வைக்கோல் இட்டு, உயிருள்ள காளையையும் கழுதையையும் நிறுத்தினார். ஊரார் தீப்பந்தங்களோடு வந்தார்கள். அந்தத் தொட்டியின் மேல்தான் திருப்பலி நடந்தது. திருத்தொண்டரான பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடினார். மாடு தின்னும் இடத்தில் ஆண்டவர் நமக்கு உணவானார். பெத்லகேம் என்றாலே ‘அப்பத்தின் வீடு’ அல்லவா! நாமோ குடிலுக்குச் சீரியல் பல்பு மாட்டிவிட்டு, நள்ளிரவுத் திருப்பலிக்குப் பிந்தி வருகிறோம்.

அந்த வைக்கோலை மக்கள் பத்திரப்படுத்தி, நோயுற்ற மாடுகளுக்குத் தின்னக் கொடுத்தார்களாம். பிரான்சிஸின் முதல் வரலாற்றை எழுதிய செலானோ தோமா சொல்கிறார். மாடு வளர்க்கும் நமக்கு அது விளங்கும்.