உழைத்தவளுக்கு உரிய பங்கு: மொராக்கோ ஃபிக்ஹு வரலாற்றிலிருந்து

இல்லறப் பணிகளில் கணவனுக்கும் மனைவிக்கும் உரிய பொறுப்பு யாது என்னும் வினா, இக்காலத்தில் மேலைநாட்டுத் தாக்கத்தால் எழுந்தது எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. திருகை சுற்றிக் கை காய்த்துப்போன அன்னை ஃபாத்திமா (ரலி), பணியாள் ஒருவரை வேண்டித் தம் தந்தையாரின் இல்லம் சென்ற செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. வீட்டிலிருக்கும்போது நபி (ஸல்) அவர்கள் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்ததும் அந்நூலிலேயே இடம்பெறுகிறது.

இமாம்கள் இதனைச் சட்ட வினாவாகவே ஆராய்ந்தனர். சமைத்தலும் துவைத்தலும் நிக்காஹ் ஒப்பந்தத்தால் மனைவிமீது கடமையாவதில்லை என்பது ஷாஃபிஈ, ஹன்பலீ அறிஞர் பெரும்பாலோரின் முடிவு. மார்க்க அடிப்படையில் அவளுக்கு அது பொறுப்பேயாயினும் காழி அவளைக் கட்டாயப்படுத்த இயலாது என்றனர் ஹனஃபீகள். மாலிக்கீகளோ குடும்பத்தின் தகுதியையும் ஊர் வழக்கமாகிய உர்ஃபையும் கருத்தில் கொண்டனர். நம் அரபுக் கல்லூரிகளில் ஷாஃபிஈ, ஹனஃபீ நூல்களே பெரிதும் ஓதப்படுவதால், மாலிக்கீ மத்ஹபு வேரூன்றிய மொராக்கோவில் இவ்விவாதம் அடைந்த வளர்ச்சியை நாம் அதிகம் அறிந்திலோம்.

16ஆம் நூற்றாண்டில் அந்நாட்டின் வடபுல மலைப்பகுதியில் வாழ்ந்த இப்னு அர்ளூன் (ரஹ்) அவர்களிடம் ஒரு வினா வைக்கப்பட்டது. கிராமத்துப் பெண்கள் கணவரோடு வயலில் இறங்கி அறுவடை செய்கின்றனர், கதிரடிக்கின்றனர், விளைச்சலில் அவர்களுக்குப் பங்குண்டா? உண்டு என்றும், ஆற்றிய பணியைக் கணக்கிட்டு விளைச்சலைப் பகிர வேண்டும் என்றும் அவர் ஃபத்வா வழங்கினார். இது மஹ்ரும் அன்று, வாரிசுரிமையும் அன்று, உழைப்பால் விளைந்த தனியுரிமை. ஃபாஸ் நகர அறிஞர்கள் இதனை ஏற்கவில்லை. தங்களிடம் நிலவும் உர்ஃபு வேறு என்பது அவர்களின் வாதம். தென்பகுதியான ஸூஸிலோ இவ்வுரிமை 'ஹக்குல் கத்தி வஸ்ஸிஆயா' என்னும் பெயரால் வழக்கில் நிலைபெற்றது. பாடுபட்டு முயன்றதற்கான உரிமை என்பது இதன் பொருள்.

இதற்கு முன்மாதிரியாக மாலிக்கீ அறிஞர்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பொன்றை எடுத்துரைப்பர். துணி வாணிபம் செய்த கணவருக்கு, மனைவி ஹபீபா துணிகளில் தையல் வேலைகள் செய்து துணைநின்றார். கணவர் இறந்ததும் வாரிசுகள் சொத்து முழுவதற்கும் உரிமை கோரினர். செல்வத்தில் பாதியைப் பங்காளி என்ற முறையில் ஹபீபாவுக்கு அளித்த கலீஃபா, எஞ்சிய பாதியில் நான்கில் ஒன்றை வாரிசுரிமையாக வழங்கினார்கள் என்பது அச்செய்தி.

இங்கு நாம் உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு. கதிரும் துணியும் கண்ணுக்குத் தெரியும் விளைவுகள், அவற்றை அளக்கலாம். சமைத்த உணவு அன்றே உண்ணப்பட்டுவிடும். வளர்த்த பிள்ளைக்கு விலை கூற இயலாது. ஆகவே வயலில் உழைத்தவளுக்குக் கிடைத்த ஏற்பு, அடுப்பங்கரையில் உழைத்தவளுக்கு எளிதில் கிட்டவில்லை.

2004ஆம் ஆண்டின் மொராக்கோ குடும்பச் சட்டம் இதனை மீண்டும் முன்வைத்தது. கணவன் மனைவி இருவரின் சொத்தும் தனித்தனியே என்ற ஷரீஅத் நெறியைப் பேணிய அதன் 49ஆம் பிரிவு, மணவாழ்வில் சேர்த்த செல்வம் குறித்து ஒப்பந்தம் இல்லாதபோது ஒவ்வொருவரின் உழைப்பையும் முயற்சியையும் சுமையையும் கருத்தில் கொள்ளுமாறு பணித்தது. வீட்டுவேலை அம்முயற்சியில் அடங்குமா என்பதில் கருத்து வேற்றுமை நீடித்தது. 2012இல் அங்கு நடந்த அரசுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலையில் பெண்கள் நாள்தோறும் ஏறத்தாழ 5 மணி நேரமும் ஆண்கள் ஏறத்தாழ முக்கால் மணி நேரமும் செலவிட்டனர். 2024 டிசம்பரில் வெளியான சட்டத்திருத்த முன்மொழிவுகள், மனைவியின் வீட்டுப்பணியையும் செல்வம் சேர்ப்பதில் ஒரு பங்களிப்பாக ஏற்குமாறு கூறின.

இல்லறம் கணக்கேட்டில் நடப்பதன்று; அன்பும் கருணையுமே அதன் அடித்தளம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அன்பினால் செய்யப்பட்டது என்பதற்காக உழைப்பு உழைப்பாகாமல் போய்விடாது. மணவிலக்கின்போதோ மரணத்தின்போதோ கணக்குக் கேட்கும் நிலை எழுந்தால், 'அவள் சும்மாதானே வீட்டிலிருந்தாள்' எனக் கூறுவோருக்கு இப்னு அர்ளூனின் ஃபத்வா விடையளிக்கிறது. உர்ஃபு காலத்தாலும் இடத்தாலும் மாறும். உழைத்தவரின் உரிமையை மறுக்கலாகாது என்னும் நீதியோ மாறுவதில்லை. அவ்வேறுபாட்டை உணர்ந்து தீர்ப்புரைப்பதே ஃபிக்ஹு கற்றோரின் பொறுப்பாகும்.