இரண்டாம் நம்பர் கம்பியும் மூன்றாம் நம்பர் கம்பியும்

பொட்டி தட்டுறவன்னு தெரிஞ்சா போதும், நம்ம ஊர்ல மிக்ஸி ரிப்பேருக்குக் கூட கூப்பிடுவாங்க. போன மாசம் ஒரு நண்பன் கூப்பிட்டது டெலிபோன் பொட்டிக்கு. அவன் வேலை பார்க்குற ஆபீஸ்ல (பேரெல்லாம் வேண்டாம்) பழைய இபிஏபிஎக்ஸ் ஒண்ணு இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. லேண்ட்லைன் பில்லுல திடீர்னு ஏகப்பட்ட வெளிநாட்டுக் கால்கள். பில்லுல நம்பர் இருக்கு, நேரம் இருக்கு. உள்ளே எந்த எக்ஸ்டென்ஷன்ல இருந்து போச்சுங்கறது மட்டும் இல்லை. பழி நேரா ரிசப்ஷன் அக்கா மேல விழுந்துடுச்சு. ஆபரேட்டர் போன் அவங்க மேஜையிலதானே இருக்கு! சம்பளத்துல பிடிச்சுக்குவோம்னும் சொல்லியாச்சு.

விடை அந்தப் பொட்டிக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு காலும் முடிஞ்சதும் தேதி, நேரம், எக்ஸ்டென்ஷன், டயல் பண்ணின நம்பர் எல்லாத்தையும் ஒரு வரியா எழுதி, பின்பக்கம் இருக்குற 25 பின் சீரியல் போர்ட் வழியா அது வெளியே தள்ளும். முன்னாடி அங்கே ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இருந்திருக்கு. அது செத்துப் பல வருஷமாச்சு. கேட்க ஆளில்லாததால கடைசி சில நூறு வரிகளை மட்டும் மெமரியில வச்சுக்கும். புது கால் போகப் போக பழைய வரி அழியும். அதாவது ரொம்ப நாள் யோசிக்க முடியாது.

யுஎஸ்பி கன்வர்ட்டர், கடையில 'மோடம் கேபிள்'னு குடுத்த 9க்கு 25 கேபிள், லேப்டாப். மாட்டினேன். ஒரு எழுத்து வரலை. காலேஜ்ல 8251 சிப் பத்தி பக்கம் பக்கமா எழுதி மார்க் வாங்கினவன்தான் நான். கேபிளை மட்டும் யாரும் கையில குடுத்ததில்லை.

இங்கே கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தணும். ஆர்எஸ்-232 என்ற தரத்தை அமெரிக்காவின் எலக்ட்ரானிக் தொழில் சங்கம் 1960ல் வெளியிட்டது. அப்போ அவங்க முன்னாடி இருந்தது ஒரே ஒரு பிரச்சினை. ஒரு பக்கம் டெலிடைப் மாதிரி ஒரு டெர்மினல். இன்னொரு பக்கம் அதை டெலிபோன் லைன்ல சேர்க்குற மோடம். நடுவுல போற கேபிள் எப்படி இருக்கணும்? அவ்வளவுதான். அதனால அந்தத் தரத்தோட உலகத்துல ரெண்டே வகைதான் உண்டு: டெர்மினல் வகை (டிடிஇ), மோடம் வகை (டிசிஇ). 2ம் நம்பர் கம்பியில டெர்மினல் பேசும், மோடம் கேட்கும். 3ம் நம்பர்ல மோடம் பேசும், டெர்மினல் கேட்கும். 2க்கு 2, 3க்கு 3 நேரா இழுத்தா வேலை முடிஞ்சது. 1962ல் வந்த பெல் 103 மோடம் நொடிக்கு 300 பிட் அனுப்பிய காலத்துக்கு இது கச்சிதமான ஏற்பாடு.

1969ல் 'சி' திருத்தம் வந்தது. அதுக்கப்புறம் ஆளாளுக்கு பிரிண்டர், தராசு, மில் மெஷின்னு கண்டதையும் இதே போர்ட்ல மாட்ட ஆரம்பிச்சாங்க. இபிஏபிஎக்ஸ் டெர்மினலா, மோடமா? தரத்தைக் கேட்டா பதில் கிடையாது. டெலிபோன் சமாச்சாரமாச்சே, மோடம் பக்கம்தான் இருக்கும்னு நான் நினைச்சேன். செஞ்சவர் வேற மாதிரி நினைச்சிருந்தார்.

இது போதாதுன்னு 1984ல் ஐபிஎம் தன் பங்குக்கு ஒரு வேலை செஞ்சது (நான் பிறக்குறதுக்கு ரொம்ப முன்னாடி). 1981ல் வந்த முதல் பிசியில சீரியல் போர்ட் 25 பின்தான். ஏடி மாடல்ல பேரலல் போர்ட்டையும் சீரியல் போர்ட்டையும் ஒரே கார்டுல அடைக்க, சீரியலை 9 பின்னா சுருக்கிட்டாங்க. சுருக்கினது சரி, நம்பரையும் மாத்திட்டாங்க! 9 பின் பிசியில 2 கேட்குற கம்பி, 3 பேசுற கம்பி. கிரவுண்ட் 7ல இருந்து 5க்குப் போயிடுச்சு. ஆக 9க்கு 25 கேபிள்ல நம்பர் குறுக்கா போனா அது நேர் கேபிள், நம்பர் நேரா போனா குறுக்கு கேபிள். மண்டை காயுதா? எனக்கும் அப்படித்தான் காய்ஞ்சது.

கடைசியில வழி காட்டினது மல்டிமீட்டர். ஆர்எஸ்-232ல மைனஸ் 3ல இருந்து மைனஸ் 15 வோல்ட் வரைக்கும் '1', பிளஸ் பக்கம் அதே அளவு '0'. சும்மா இருக்கும்போது பேசுற கம்பி '1'லயே நிக்கும். இது தந்தி காலத்துப் பழக்கம். லைன் அறுந்தா உடனே தெரியட்டும்னு வச்சது. 7ல கறுப்பு முனை, 2ல சிவப்பு முனை வச்சதும் மீட்டர் மைனஸ் காட்டுச்சு. 3ல ஒண்ணுமில்லை. பொட்டி டெர்மினல் வகை! என் லேப்டாப்பும் அதே வகை. ரெண்டு பேரும் ஒரே கம்பியில பேசிக்கிட்டு, இன்னொரு கம்பியில காது வச்சுக் காத்துக்கிட்டிருந்திருக்கோம்.

சால்டரிங் அயர்னை எடுத்து மாத்தினேன். அப்பவும் மௌனம். பிரிண்டர் தயார்னு யாராவது சொல்லணும்னு பொட்டி காத்திருந்தது. 25 பின் பக்கம் 4, 5 ஒண்ணா. 6, 8, 20 ஒண்ணா முறுக்கி அதையும் ஏமாத்தியாச்சு. வேகத்தை 1200ல வச்சதும் கொட்ட ஆரம்பிச்சது.

ஆனா பாதி கிறுக்கல். 0, 3, 5, 6, 9 ஒழுங்கா வருது. 1, 2, 4, 7, 8 வர்ற இடமெல்லாம் கோணல் மாணலா என்னமோ. அக்காவோட எக்ஸ்டென்ஷன் 21. ரெண்டு இலக்கமும் கிறுக்கல் கோஷ்டி!

1963ல் வந்த ஆஸ்கி 7 பிட் குறியீடு. எட்டாவது பிட்டைப் பிழை கண்டுபிடிக்க வச்சுக்கிட்டாங்க: '1'களோட எண்ணிக்கை ஒற்றைப்படையா இருந்தா இதையும் 1 ஆக்கி இரட்டைப்படையாக்குறது. 0, 3, 5, 6, 9க்கு ஏற்கெனவே இரட்டைப்படைதான், அதனால தப்பிச்சது. மத்ததை என் லேப்டாப் 8 பிட் எழுத்துன்னு நினைச்சு எதையோ காட்டியிருக்கு. 7 பிட், ஈவன் பாரிட்டின்னு மாத்தினேன். பொட்டியில பட்டனை அழுத்தி மறுபடி முதல்ல இருந்து அனுப்பச் சொன்னேன்.

பில்லுல இருந்த கால்கள்ல பதினேழு மெமரியில மிச்சம் இருந்தது. பதினேழும் 42ல இருந்து. மீட்டிங் ரூம். அந்த நேரத்துல அங்கே யார் இருந்தாங்கன்னு அவங்களே பார்த்துக்கட்டும். அக்கா அந்தக் காகிதத்தை ரெண்டு தடவை படிச்சாங்க. "தம்பி, இதையே இன்னொரு காப்பி எடுத்துத் தர்றியா?"ன்னு கேட்டு வாங்கி மடிச்சு ஹேண்ட்பேக்ல வச்சுக்கிட்டாங்க.

கேபிளை அங்கேயே விட்டுட்டு வந்தேன், லேபிள் ஒட்டி: '2-2, 3-3, 5-7. 1200, 7 பிட், ஈவன். இது மோடம் கேபிள் இல்லை.'